நிறை குறையக் கூட்டம் எதற்கு?

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள கிரானிலிருந்து வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு மாதாமாதம் கிளினிக் போய்வரும் நாற்பது வயதுப் பெண் ஒருவரை இந்த அத்தியாயத்துக்காகக் கற்பனை செய்துகொள்வோம். உயரம் 155 சென்ரிமீற்றர். நிறை 95 கிலோ. கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி. அவருக்கு அது 39.5. ஆசிய மக்களுக்கென்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்ன அளவுகளின்படி 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம். நம்முடைய உடல்வாகில் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலைச் சுற்றியும் சீக்கிரம் படிவதால்தான் இந்த எல்லைகள் ஐரோப்பியருக்கு உள்ளதைவிடத் தாழ்வாக வைக்கப்பட்டன. சீனி வருத்தமும் பிரஷரும் அவருடைய கிளினிக் கொப்பியில் ஏறிவிட்டன. படியேறினால் முழங்கால் நோகிறது.

"உடம்பக் குறைங்கம்மா. சோத்தக் குறைச்சு, பின்னேரத்தில நடங்க" என்கிறார் வைத்தியர்.

அறிவுரை சரியானது. அதை அவர் பல தடவை கேட்டிருக்கிறார், செய்தும் பார்த்திருக்கிறார். மூன்று மாதம் சீனி போடாத தேத்தண்ணி, இரவுக்கு ஒரு ரொட்டி என்று இருந்து ஆறு கிலோ குறைந்தது. அடுத்த வருடத்துக்குள் எட்டுக் கிலோ ஏறியது. ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் "என்னகா, இன்னும் குறையல்லையா?" என்று கேட்பதால் கலியாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டுவிட்டார்.

இவர் தனி ஒருவரல்ல. இலங்கையில் 2015இல் நடந்த தேசிய ஆய்வில் வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் சுட்டி 25ஐத் தாண்டியிருந்தது. வேளாண்மை வெட்டும் சூடடிப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. முன்பு நடந்த தூரத்துக்கு இன்று ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் உண்டு. சோற்றுக் கோப்பை மட்டும் வயலில் நாள் முழுக்க நின்ற காலத்து அளவிலேயே இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவருக்கு, வாரம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து பேசுவதால் என்ன கிடைக்கும்? அதற்கு விடை காண, தனியாக இருக்கும்போது அவர் எதோடு போராடுகிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உடம்பு தன் நிறையைக் காக்கிறது

1994இல் அமெரிக்காவின் ரொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹோர்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புக் கலங்கள் இதைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கொழுப்புக் குறைந்தால் லெப்டின் குறைகிறது. மூளை அதைப் பஞ்சத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. உடனே பசி கூடுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது. பஞ்சம் கண்ட வீட்டுக்காரி அரிசிப் பானையில் கைவைக்கும்போதெல்லாம் அளந்து எடுப்பதைப்போல உடம்பு நடந்துகொள்கிறது.

இந்தத் தற்காப்பு எவ்வளவு காலம் நீடிக்கும்? மெல்பேர்ன் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு பதில் தந்தார்கள். உடற்பருமன் உள்ள 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த சக்தி உணவு கொடுத்தார்கள். சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது. வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹோர்மோன்கள் இறங்கின. ஒரு வருடம் கழித்து மறுபடி சோதித்தபோதும் இந்த மாற்றங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பட்டினி முடிந்து ஒரு வருடமாகியும் உடம்பு இழந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

2016இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் மெலியும் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரைப் பின்தொடர்ந்தது. போட்டியின்போது சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள், ஆறு வருடத்தில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அப்போதும் ஓய்வாக இருக்கையில் அவர்களுடைய உடம்பு செலவழித்த சக்தி, எதிர்பார்க்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது.

நம்முடைய கிரான் பெண்ணுக்கு எட்டுக் கிலோ திரும்ப ஏறியதற்கான காரணம் இப்போது விளங்குகிறது. அவர் சோம்பலாலோ வாய்க்கட்டுப்பாடு இல்லாததாலோ தோற்கவில்லை. வருடக்கணக்கில் ஓயாத ஒன்றை மூன்று மாத உறுதியோடு எதிர்த்து நின்றார். எதிர்ப்பு நீண்டகாலத்துக்கு உரியது என்றால் துணையும் நீண்டகாலத்துக்கு இருக்க வேண்டும். கூட்டத்தின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

ஆறு தோழிகள்

மெலிய விரும்புகிறவர்கள் ஒன்றுகூடும் பழக்கம் புதியதல்ல. அமெரிக்காவின் மில்வோக்கியில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண் 1948இலேயே இப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கினார். உலகெங்கும் பரவிய கூட்டம் என்றால் அது ஜீன் நிடெச் தொடங்கியதுதான். நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த குடும்பப் பெண் அவர். அப்போது 97 கிலோ. 1961இல் ஒரு நாள் கடையில் கண்ட ஒருவர், குழந்தை எப்போது பிறக்கும் என்று கேட்டார். நிடெச் கர்ப்பமாக இருக்கவில்லை.

நகர சுகாதாரத் திணைக்களத்தின் கிளினிக்குக்குப் போனார். உணவுப் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். அதைப் பின்பற்றினார், நிறையும் குறைந்தது. ஆனால் இரவில் யாரும் பார்க்காதபோது பிஸ்கட் பெட்டியைத் திறந்தார். அதைக் கிளினிக்கில் சொல்ல வாய் வரவில்லை. சொல்வதற்கு ஆள் வேண்டும் என்று, உடம்பு கூடிய தன்னுடைய ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்தார். தன் களவுத் தீனியை அவர் சொன்னதும் மற்றவர்களும் தங்களுடையதைச் சொன்னார்கள். அடுத்த வாரமும் கூடினார்கள். 1963இல் அது வெயிட் வாச்சர்ஸ் என்ற நிறுவனமாயிற்று.

உணவுப் பட்டியல் கிளினிக்கிலேயே கிடைத்துவிட்டது. கிளினிக்கில் கிடைக்காதது ஒன்றுதான்: உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த வாரமும் முகம் கோணாமல் வந்து உட்காரக்கூடிய இடம். இன்றுவரை இப்படிப்பட்ட கூட்டங்கள் எல்லாவற்றின் அடிப்படையும் அதுவே. அதன்மேல் வேறு சில பழக்கங்கள் சேர்கின்றன. ஒழுங்காக நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுவது, சாப்பிட்டதைக் குறித்துவைப்பது, வரப்போகும் இடைஞ்சலுக்கு முன்கூட்டியே வழி யோசிப்பது, தன்னைப்போன்ற இன்னொருவர் செய்து காட்டுவதைக் கண்ணால் காண்பது. தனியாகச் செய்தாலும் இவை பலன் தருபவை. ஆனால் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஆட்கள் இருந்தால்தான் பெரும்பாலானோர் இவற்றைக் கைவிடாமல் தொடர்கிறார்கள்.

அளந்து பார்த்தபோது

கூட்டம் உண்மையிலேயே உதவுகிறதா என்பதை அறிய, ஆட்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் கூட்டத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு 423 பேரைக் கொண்டு இதைச் செய்தது. இரண்டு வருட முடிவில் கூட்டத்துக்குப் போனவர்கள் சராசரியாக 2.9 கிலோவும், தாமாகவே முயன்றவர்கள் 0.2 கிலோவும் குறைந்திருந்தார்கள்.

2017இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான பிரித்தானிய ஆய்வு இதைவிட நுட்பமான கேள்வியைக் கேட்டது: கூட்டம் எவ்வளவு காலம் நடக்க வேண்டும்? 1,267 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆலோசனைக் கையேடு மட்டும், இன்னொரு பகுதியினருக்கு 12 வாரக் கூட்டம், மற்றவர்களுக்கு 52 வாரக் கூட்டம். ஒரு வருடம் ஆனபோது இழந்த நிறை முறையே 3.3, 4.8, 6.8 கிலோ. இரண்டு கூட்டப் பிரிவுகளுக்கும் உணவு பற்றிய அறிவுரை வேறுபடவில்லை. துணையின் காலம்தான் வேறுபட்டது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இழந்ததில் பெரும்பகுதி எல்லாப் பிரிவிலும் திரும்பியிருந்தது. இதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. உடம்பு விடாமல் எதிர்க்கும் என்று மேலே கண்டோம். துணை நின்றுபோன பிறகு நிறை ஏறுவது அதற்குப் பொருந்திய விளைவே.

நமக்கு அருகிலும் சான்றுகள் உண்டு. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற, உடம்பு கூடிய 578 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் வாரந்தோறும் வகுப்பாகக் கூடி உணவும் நடையும் கற்றார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபோமின் என்ற சீனி மாத்திரையும் கொடுக்கப்பட்டது. மூன்று வருடத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு 32 வீதம் குறைந்தது.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த ஆய்வு கிரானுக்கு இன்னும் கிட்ட வருகிறது. நீரிழிவு ஆபத்துள்ள 1,007 பேர். 60 வாக்குச்சாவடிப் பகுதிகள். பாதிப் பகுதிகளில் அயலவர்கள் குழுக்களாகக் கூடி, தங்களுக்குள்ளிருந்தே தலைவர்களைத் தெரிந்தெடுத்து, பயிற்சி பெற்ற அவர்களே கூட்டங்களை நடத்தினார்கள். 2018இல் வெளியான முடிவில், இரண்டு வருடத்தில் நீரிழிவு வந்தவர்கள் குழுப் பகுதிகளில் 14.9 வீதம், மற்றப் பகுதிகளில் 17.1 வீதம். தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இந்த வேறுபாடு பெரியதல்ல. ஆனால் பழமும் காய்கறியும் கூடின, மது குறைந்தது, உடலால் இயங்கும் திறன் பற்றிய அவர்களின் மதிப்பீடு உயர்ந்தது. சாதாரண ஊர்மக்கள் தாமே இப்படிக் கூட்டங்களை நடத்த முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று. கூடிப் பேசினால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது என்பதும் தெரிந்தது.

வெட்கம் நிறையைக் கூட்டும்

ஏசினால்தான் உறைக்கும் என்று நினைக்கும் உறவினர்கள் நம்மிடையே ஏராளம். அமெரிக்காவில் 6,157 பேரைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. உடம்பைக் காரணம் காட்டி இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள், நான்கு வருடத்தில் உடற்பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.5 மடங்கு அதிகமாக இருந்தது. அவமானம் ஒருவரை நடக்க வைப்பதில்லை. வீட்டுக்குள் ஒதுங்க வைக்கிறது, ஆறுதலுக்காகச் சாப்பிட வைக்கிறது, வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட வைக்கிறது.

மிகவும் உடம்பு கூடியவர்களுக்கு அவமானம் பொருள்களின் வழியாகவும் வருகிறது. கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் கதிரை இடுப்பை இறுக்குகிறது. எழும்பும்போது கதிரையும் கூடவே எழும்பிவிடுமோ என்ற பயத்தில் அவர் கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார். சிறிய குளியலறைத் தராசு 120 அல்லது 130 கிலோவோடு நின்றுவிடும். பிரஷர் பார்க்கும் பட்டி கைக்குச் சிறியதாக இருந்தால் தவறான கணக்குக் காட்டும். 2023இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், மிகப் பெரிய பட்டி தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டியைக் கட்டியபோது மேல் அழுத்தம் சராசரியாக 19.5 புள்ளி அதிகமாகக் காட்டியது. தேவையில்லாத மருந்து எழுதப்படுவதற்கு அவ்வளவே போதும். ஆகவே கைப்பிடி இல்லாத நான்கு வாங்குகள், 200 கிலோ தாங்கும் தராசு, பெரிய பட்டி ஆகிய மூன்றும் ஒரு குழுவுக்கு முதல் வாரத்திலேயே வேண்டிய மருத்துவக் கருவிகள்.

கிரானில் அமைக்க வேண்டுமென்றால்

இதற்கான அடித்தளம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், சீட்டுக் கூட்டம் என்று கொப்பியும் கணக்கும் தலைவியும் வைத்துக் கூடும் பழக்கம் ஊரின் இரத்தத்தில் உள்ளது. சுகாதார அமைச்சு தாய்மார் ஆதரவுக் குழுக்களை ஊர்தோறும் வளர்த்திருக்கிறது. 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நிறை, பிரஷர், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கின்றன. நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர், அங்கிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் சேர்ந்துகொள்ள ஒரு குழு இருந்தால் போதும்.

மட்டக்களப்புக்கே உரிய ஒரு பலமும் உண்டு. இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். அதனால் தாயும் அக்கா தங்கைகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கிறார்கள். ஒரு வீட்டுச் சமையல் மாறினால் பக்கத்து வளவுக்கும் அது போகும். அமெரிக்காவில் நீரிழிவு நோயாளிகளுக்கான மெலியும் திட்டம் ஒன்றில், திட்டத்தில் சேராத வாழ்க்கைத்துணைகளும் ஒரு வருடத்தில் சராசரியாக 2 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தார்கள். ஆனால் அதே நெருக்கம் இடைஞ்சலாகவும் வரும்: அக்கா முன்னால் சொல்ல முடியாததை அயலூர்ப் பெண் முன்னால் சொல்லலாம். ஆகவே குழு ஒரே குடும்பத்துக்குள் முடங்காமல் இரண்டு மூன்று ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும் என்பது முதல் விதியாக இருக்கட்டும்.

நிறையை மறைப்புக்குப் பின்னால் பார்த்து அவரவர் கொப்பியில் மட்டும் எழுதலாம். பிறகு ஒவ்வொருவராக அந்த வாரத்தைச் சொல்வார்கள்.

"சனிக்கிழமை மச்சாள்ட மகள்ட கலியாணம். சாப்பிடாம வந்தாக் கோவிப்பாங்க."

"போறதுக்கு முன்ன வீட்ட ஒரு கோப்பை கீரையும் மீனும் சாப்பிட்டுப் போங்க அக்கா. அங்க அரைவாசிச் சோறு போதும். நான் உங்களுக்குப் பக்கத்தில இருக்கன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எந்தப் புத்தகமும் கொடுக்க முடியாது.

கணக்குகளையும் சேர்ந்தே பார்க்கலாம். இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட ஒரு தேத்தண்ணியில் சீனி மட்டும் 30 முதல் 40 கலோரி. நாளுக்கு ஐந்து என்றால் 150 முதல் 200. 95 கிலோ உள்ளவர் அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடந்து செலவழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு கப் சோறு சுமார் 200 கலோரி. கோப்பையில் பாதியைக் கீரைச் சுண்டலும் காய்கறியும் பிடித்துக்கொண்டால் சோறு தானாகக் குறையும். வாவி மீனைப் பொரிக்காமல் குழம்பில் போடலாம். எருமைத் தயிரும் பாணியும் தினசரி உணவு என்ற இடத்திலிருந்து விசேட நாள் உணவாக மாறலாம்.

52 வாரம் என்ற அளவு இந்த மண்ணின் வருடத்துக்கும் பொருந்தும். வடகீழ்ப் பருவமழையில் கிரான் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கி, அக்கரை ஊர்கள் துண்டிக்கப்படும் வாரங்கள் வரும். நடைப் பழக்கம் அங்கே அறுந்துபோகும். பெரும்போக அறுவடையில் விருந்தாளிகள் வருவார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. சித்திரையில் பலகாரம். மூன்று மாதத்தில் கலையும் குழு இவற்றில் ஒன்றிரண்டைத்தான் காணும். ஒரு முழு வருடம் கூடியிருந்தவர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை கடந்து பார்த்திருப்பார்கள். அடுத்த வருடத்துக்கு வழி தெரியும்.

எதை எதிர்பார்க்கலாம்

சேருகிறவர் 95இலிருந்து 55 கிலோவுக்கு வருவதை இலக்காக வைத்தால் மனம் உடைந்துவிடும். தொடக்க நிறையில் 5 முதல் 7 வீதம், அதாவது அவருக்கு ஐந்து முதல் ஏழு கிலோ, முதல் வருடத்துக்கு நல்ல வெற்றி. முழங்கால் தேய்ந்தவர்களிடம் நடத்தி 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமையை நான்கு கிலோ குறைக்கிறது. ஏழு கிலோ குறைந்தால் அடிக்கு 28 கிலோ. சீனியும் பிரஷரும் இந்த அளவிலேயே இறங்கத் தொடங்கும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றைக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தாக இறங்கலாம். மருந்தின் அளவை வைத்தியர் முதலில் மாற்ற வேண்டும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். சுட்டி 40ஐ நெருங்கியவர்களில் சிலருக்குக் கூட்டத்தோடு மருந்தோ சத்திரசிகிச்சையோ தேவைப்படும். அது தோல்வியல்ல, அந்தச் சிகிச்சைகளுக்குப் பின்னும் உணவையும் நடையையும் காத்துக்கொள்ளக் குழு வேண்டும்.

ஒரு வாரம் நிறை ஏறினால் வெட்கப்பட்டு வராமல் விட்டுவிடுவதுதான் எல்லாக் குழுக்களுக்கும் வரும் நோய். ஆகவே குழுவின் வெற்றியை முதல் வருடத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்று மட்டும் அளக்கக் கூடாது. நிறை ஏறிய வாரத்துக்கு அடுத்த வாரம் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்றும் எண்ண வேண்டும். வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கூட்டிவர வேண்டும். உடற்பருமனை நீண்டகால நோய் என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டுவிட்டது; சீனி வருத்தத்துக்கு ஆயுள் முழுக்கக் கிளினிக் நடத்தும் நாட்டில், இதற்கும் ஆயுள் முழுக்கத் திறந்திருக்கும் ஓர் இடத்தைக் கேட்பது நியாயமானது. அந்த இடத்தை அமைக்கச் சுகாதார வைத்திய அதிகாரியும் குடும்பநல உத்தியோகத்தரும் கைகொடுக்கலாம். அதைத் தொடர்ந்து நடத்தும் திறமை கிரான் பெண்களின் சங்கக் கொப்பிகளில் இப்போதே இருக்கிறது.